மங்கலான படங்களும் இரண்டாம் தொடுதலும்

திருவிழாக் காலம் வந்துவிட்டால், இரத்மலானை தொடக்கம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வரையுள்ள நம் பங்குகளில் கமராவும் கையுமாக நிற்கும் இளையோரைக் காணலாம். இவர்களுள் பலர் அதனைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்திலோ, வெளிநாட்டு உறவினரின் உதவியிலோ பெற்ற கருவியுடன், ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு கற்கத் தொடங்கியவர்கள். ஆயினும் சில மாதங்களுக்குள் சிலரது கமரா அலுமாரிக்குள் முடங்கிவிடுகிறது. “எனக்கு இது வராது” என்பதே அவர்கள் கூறும் காரணம்.

அவர்களது சலிப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. மாலைத் திருப்பலி வேளையில் ஆலயத்தினுள் ஒளி குறைவு. குறைந்த ஒளியில் கமராவின் திரை நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் கை சற்று நடுங்கினாலும், பவனியில் செல்வோர் ஓரடி எடுத்து வைத்தாலும் உருவம் கலைந்துவிடும். பிளாஷ் ஒளியைப் பயன்படுத்தினாலோ முன்நிற்பவரின் முகம் வெளிறி, பின்னாலுள்ள பீடம் இருளில் மறைந்துவிடும். காணும் அனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கணிப்பது கமராவின் இயல்பு. ஆகவே முதல் நன்மை பெறும் பிள்ளையின் வெண்ணிற ஆடை மங்கி, அப்பிள்ளையின் முகமும் கறுத்துப் போகிறது. கடற்காற்றின் ஈரத்தால் வில்லையில் பூஞ்சணம் படர்வது இக்கரையோரத்தில் வாழ்வோருக்கு இன்னொரு தொல்லை. இத்தனைக்கும் மேலாக, பக்கத்தில் நின்றவர் கையடக்கத் தொலைபேசியில் எடுத்த படம் தெளிவாக அமைந்துவிட்டால் மனம் முற்றாகவே நொந்துபோகிறது.

கொழும்பில் லயனல் வென்ட் அரங்கை அறியாதார் சிலரே. 1953 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வரங்கு யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அவர் (1900–1944) சட்டமும் பியானோவும் பயின்றவர். இருட்டறையில் ஓயாது பரிசோதனை செய்தே புகைப்படக் கலையில் உலகறியும் இடத்தைப் பெற்றார். அவரைப் போன்றே சட்டம் பயின்று, ஆர்வத்தினால் கமராவை எடுத்த இன்னொருவரின் வரலாறு கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது. அவர் இத்தாலி நாட்டின் செக்கொந்தோ பியா (1855–1941).

இயேசுவின் திருவுடலைச் சுற்றியிருந்தது எனப் பலர் நம்பும் சவச்சீலை தூரின் நகரில் பேணப்பட்டு வருகிறது. 1898 ஆம் ஆண்டு அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, அதனைப் படமெடுக்க அரசர் முதலாம் உம்பெர்த்தோவின் அனுமதியைப் பியா பெற்றார். மே 25 ஆம் திகதி அவர் மேற்கொண்ட முதல் முயற்சி தோல்வியுற்றது. மின்விளக்குகளின் வெப்பத்தால், ஒளியை மென்மையாக்க வைத்திருந்த கண்ணாடிகள் வெடித்துப் போயின. மே 28 ஆம் திகதி இரவு அவர் மீண்டும் சென்றார். இம்முறை சீலைக்கு முன்னே பாதுகாப்புக் கண்ணாடி வேறு இருந்தது. அத்தனை இடையூறுகளுக்கும் நடுவில், முறையே 14 நிமிடங்களும் 20 நிமிடங்களும் ஒளிபடச் செய்து இரு படங்களை எடுத்தார். நள்ளிரவின் பின் இருட்டறையில் தகட்டைக் கழுவியபோது அவர் திகைத்தார். ஒளியும் நிழலும் தலைகீழாக இருக்கவேண்டிய நெகட்டிவ் தகட்டில், துணியில் மங்கலாகவே தெரிந்த முகம் தெளிவான மனித முகமாக எழுந்தது.

பாராட்டுடன் பழியும் வந்தது. அவர் ஏதோ தந்திரம் செய்துவிட்டார் எனச் சிலர் ஐயுற்றனர். 33 ஆண்டுகள் கழித்து, 1931 இல், ஜுசெப்பே என்ரி என்னும் தொழில்முறைக் கலைஞர் எடுத்த படங்களிலும் அதே முகம் தோன்றிய பின்னரே அப்பழி நீங்கியது. 1988 இல் நடைபெற்ற கதிரியக்கக் கார்பன் ஆய்வு, அத்துணி 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலத்தது எனக் கணித்தது. திருச்சபை அதுபற்றி இறுதித் தீர்ப்பு எதனையும் வழங்கவில்லை. நாம் இங்கு கருதுவது பியாவின் விடாமுயற்சியையே. மே 25 இன் தோல்வியோடு அவர் வீடு திரும்பியிருந்தால், மே 28 இன் இரவு அவருக்கு வாய்த்திராது.

பெத்சாயிதாவில் ஆண்டவர் பார்வையற்ற ஒருவரைக் குணமாக்கிய நிகழ்வை மாற்கு நற்செய்தி (8:22–26) எடுத்துரைக்கிறது. முதல் தொடுதலின் பின் அம்மனிதருக்கு மக்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிந்தனர். அவர் கண்டது ஒரு மங்கலான படம். ஆனால் ‘எல்லாம் தெளிவாகத் தெரிகிறது’ என அவர் பொய்யுரைக்கவில்லை. மனமுடைந்து விலகிச் செல்லவுமில்லை. கண்டதைக் கண்டவாறே சொல்லி அங்கேயே நின்றார். ஆண்டவரும் அவரைக் கடிந்துகொள்ளாது மீண்டும் தொட்டார். பார்வை தெளிவு பெற்றது.

கமராவைக் கற்கும் பிள்ளைக்கும் இதுவே வழி. கெட்டுப்போன படத்தை உடனே அழித்துவிடாமல், எது பிழைத்தது என்று நோக்கட்டும். தூணில் தோளைச் சாய்த்துக் கையை நிலைப்படுத்தலாம். சொரூபம் தாங்குவோர் தரித்து நிற்கும் கணத்துக்காகக் காத்திருக்கலாம். வெண்ணிற ஆடைக்கு ஒளியின் அளவைச் சற்றுக் கூட்டலாம். பிள்ளையை வாயிலின் வெளிச்சத்தை நோக்கி நிற்கச் செய்யலாம். எழுந்தேற்ற வேளையில் கமராவைத் தாழ்த்திவிட்டுக் கண்களாலேயே பார்ப்பதும் நற்பயிற்சியே.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ மங்கலான படமொன்றைக் காட்டும்போது நகையாதீர்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிடாதீர்கள். “இதில் நீ எதைக் காட்ட விரும்பினாய்?” என்று அன்போடு வினவுங்கள். பதிலைப் பொறுமையோடு கேளுங்கள். அடுத்த ஞாயிறன்று அந்தக் கமரா மீண்டும் ஆலயத்துக்கு வருவதற்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.