சுற்றி வரும் செய்தி

வடக்கனந்தல் பக்கம் கோமுகி அணையின் வாய்க்கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? நீர் எப்பக்கம் போக வேண்டும் என்பதை மதகுகள் தீர்மானிக்கின்றன. பள்ளிக் கணினி அறையில் இவ்வேலையைச் செய்வது 'சுவிட்ச்' என்னும் பெட்டி.

ஒரே கேபிளின் இரு முனைகளையும் தவறுதலாக அதே சுவிட்சில் செருகிவிட்டால் என்ன ஆகும்? எல்லாக் கணினிகளுக்குமான அறிவிப்பு ஒன்று வந்தால், சுவிட்ச் அதை வந்த வாயிலைத் தவிர மற்ற வாயில்கள் அனைத்திலும் அனுப்பும். ஒரு முனையில் சென்றது மறுமுனையில் திரும்பி வரும், மீண்டும் நகலாகும். ஈதர்நெட் செய்திக்கு ஆயுள் வரம்பு இல்லை. ஆகவே நொடிகளில் நெரிசல் மிகுந்து எல்லாம் முடங்கும். 2002 நவம்பரில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் இத்தகைய சுழல் ஏற்பட்டு, மருத்துவர்கள் சில நாள்கள் காகிதத்தில் எழுத வேண்டியதாயிற்று!

1985இல் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் இதற்கு வழி கண்டார். சுவிட்ச் 2 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. அது தன்னிடமே திரும்பி வந்தால், சுழல் இருப்பதை அறிந்து ஒரு வாயிலை மூடிவிடுகிறது. பல சுவிட்சுகள் உள்ள இடத்தில் ஒரு பாதை அறுந்தால், மூடிய மாற்றுப்பாதை தானே திறக்கும்.

எனவே சுவிட்சை அமைக்கும்போது இவ்வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு வாயிலின் அறிவிப்பு எண்ணிக்கையையும் அவ்வப்போது கவனியுங்கள். அது திடீரென ஏறினால், முதலில் கேபிள்களின் முனைகளைத் தேடுங்கள்!