ஒரே பொருள், இரண்டு விடைகள்

மூன்று பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்வதற்கு நேர்மாறாகத்தான் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதலாமவர் ‘ஆம்’ என்கிறார், அடுத்தவர் ‘இல்லை’ என்கிறார். மூன்றாமவர் என்ன சொன்னாலும் யாரோ ஒருவருடன் ஒத்துப்போய்விடும்.

சில படிகங்களில் அணுக்களின் நுண்காந்தங்கள் இப்படித்தான் முக்கோணமாக மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃபிரஸ்ட்ரேஷன்’ என்று பெயர். தமிழில் ‘விரக்தி’ என்றால் சோகப் படம் போல ஒலிக்கிறது; எனக்கு ‘இழுபறி’ பிடித்திருக்கிறது.

எவ்வளவு குளிர்வித்தாலும் இந்தக் காந்தங்கள் ஓர் ஒழுங்கில் உறையாமல் திரவம்போல் இருக்கலாம் என்று 1973இல் ஃபிலிப் ஆண்டர்சன் கூறினார். அந்த நிலையில் ‘ஸ்பினான்’ என்ற துகள்கள் உலவும் என்பது கோட்பாடு. அவற்றுக்கு மின்னூட்டம் இல்லை என்பதால் மின்சாரத்தை அளந்து பிடிக்க முடியாது. ஆனால் அவை வெப்பத்தைச் சுமக்கும்.

ஆகவே படிகத்தின் ஒரு முனையைச் சூடாக்கி, மறுமுனையைக் குளிரில் பிணைத்து, இடையே இரண்டு வெப்பமானிகளை வைக்கிறார்கள். வெப்பநிலை ஒரு கெல்வினுக்கும் கீழே. சிக்கல் என்னவென்றால், அணுக்களின் அதிர்வுகளும் வெப்பத்தைக் கடத்தும். நல்லவேளையாக, அவற்றின் பங்கு ஏறக்குறைய வெப்பநிலையின் மும்மடிக்கு ஏற்பச் சரிகிறது. தடையின்றி ஓடும் ஸ்பினான்களின் பங்கோ வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில்தான் குறையும். எனவே கடத்துதிறனை வெப்பநிலையால் வகுத்து வரைபடமாக்கி, கோட்டைச் சுழியன் கெல்வின் வரை நீட்டுகிறார்கள். நம் ஆய்வுக்கூட அறிக்கையில் செய்வதேதான்! கோடு செங்குத்து அச்சைச் சுழியத்தில் தொட்டால் அதிர்வுகள் மட்டுமே. அதற்கு மேலே தொட்டால் வேறு ஏதோ ஓடுகிறது.

பலேடியம் கலந்த ஒரு கரிமப் படிகத்தில் கோடு மேலே தொடுவதாக 2010இல் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. மின்சாரத்தைக் கடத்தாத பொருள், உலோகம்போல் வெப்பத்தைக் கடத்துகிறதாம்! துறையே பரபரத்தது. 2019இல் கனடாவின் ஷெர்புரூக் குழுவும் ஷாங்ஹாயின் ஃபூடான் குழுவும் அதே சேர்மத்தைத் தனித்தனியே அளந்தன. இரண்டுக்கும் கிடைத்தது சுழியம்.

யாரோ ஒருவர் தவறாக அளந்துவிட்டார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் 2010 ஆய்வில் முன்னின்ற மினோரு யமாஷிதா 2020இல் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார்: படிகத்தை மிக மெதுவாகக் குளிர்வித்தால் அந்த வெப்பம் தென்படுகிறது, வேகமாகக் குளிர்வித்தால் மறைந்துவிடுகிறது. அவர் சொல்வது சரியென்றால், அளக்கத் தொடங்கும் முன்பே, குளிர்விக்கும் அந்த நீண்ட மணிநேரங்களிலேயே விடை பாதி முடிவாகிவிடுகிறது.