கூலி வாங்காமல் எழுதுகிறார்கள். கணினிச் செலவு யார் தலையில்?

செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலம் என்று ஓர் ஊர். மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோவில் அங்கே இருக்கிறது. கைபேசியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும். தமிழ் விக்கிப்பீடியா அந்தக் கோவிலைப் பற்றிச் சொல்லும். காசு கேட்காது.

2003-ல் தமிழில் தொடங்கிய கலைக்களஞ்சியம் இது. கட்டுரைகள் 1½ லட்சத்தைத் தாண்டிவிட்டன. எழுதுகிறவர்கள் ஆசைக்காக எழுதுகிறார்கள். சம்பளம் கிடையாது.

ஆனால் கட்டுரைகளைத் தாங்கும் கணினிகள் சும்மா ஓடுமா? மின்சாரம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும்.

விளம்பரம் போடலாமா என்று 2002-ல் பேச்சு எழுந்தது. அவ்வளவுதான்! ஸ்பானிய மொழியில் எழுதியவர்களில் பலர் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். விளம்பர யோசனை கைவிடப்பட்டது.

2003 டிசம்பரில் கணினிகள் திணறின. நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் வாசகர்களிடம் 20 ஆயிரம் டாலர் கேட்டார். கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. இன்றும் வாசகர்கள் தரும் சிறு தொகைகள்தான் முக்கிய வருமானம்.

இப்போது புதுத் தலைவலி. செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, தானியங்கி நிரல்கள் வந்து படங்களையும் பக்கங்களையும் அள்ளிச் செல்கின்றன. 2024 ஜனவரியிலிருந்து படம், ஒலி, ஒளிக் கோப்புகளை இறக்கும் அளவு 50 சதவீதம் கூடிவிட்டதாக விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் அறிவித்தது. மனிதன் படித்தால் பத்து ரூபாயாவது தர மனம் வரும். எந்திரம் தருமா?

மொத்தமாக எடுக்கும் கம்பெனிகள் பணம் கட்டுவதற்கு 2021-லேயே தனி வழி திறந்தார்கள். 2022-ல் கூகுள் அதில் சேர்ந்தது. இலவச வாசலில் நுழைகிறவை இன்னும் ஏராளம்.