அமெரிக்காவில் டாக்டர் மேற்படிப்பு: 'பயோடேட்டா'வில் கோட்டை விட்டால் வாய்ப்பு போச்சு!

சூலக்கரை,-

பட்டாசு, தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்கு போகிற குடும்பத்து பிள்ளைகளும் டாக்டருக்கு படிக்க வழி பிறந்திருக்கிறது. அரசு பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ம் ஆண்டு வந்தது. சூலக்கரையை அடுத்த விருதுநகரில் 150 இடங்களுடன் அரசு மருத்துவக்கல்லூரி 12-1-2022 அன்று திறக்கப்பட்டது.

எம்.பி.பி.எஸ். முடித்ததும் அடுத்த கேள்வி மேற்படிப்பு. நம்ம ஊரில் 'நீட் பி.ஜி.' ரேங்க்தான் எல்லாம். பயோடேட்டாவை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் கதையே வேறு. அங்கு மேற்படிப்புக்கு 'ரெசிடென்சி' என்று பெயர். ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்கிக்கொண்டே பயிற்சி பெறலாம்.

மார்க் போச்சு

இதற்கு எழுதும் 'ஸ்டெப்-1' தேர்வில் 2022 ஜனவரி முதல் மார்க் கிடையாது. பாஸ், பெயில் மட்டும்தான். இதனால் விண்ணப்பத்தில் மாணவர் தன்னைப்பற்றி எழுதுவதற்கு மவுசு கூடிவிட்டது.

பெரும்பாலான பிரிவுகளுக்கு 'இராஸ்' என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பக்கம் பக்கமாக பயோடேட்டா அடித்து இணைக்கும் வேலை இல்லை. கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். 10 அனுபவங்களுக்கு மட்டுமே இடம். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் இடைவெளி உள்பட 750 எழுத்துதான். முக்கியமான 3 அனுபவங்களுக்கு கூடுதலாக 300 எழுத்து எழுதலாம்.

எப்படி எழுதுவது?

* என்ன வேலை, எந்த இடம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பது ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவில் சும்மா இருந்த காலத்தை மறைக்கக்கூடாது.

* கலர், தடித்த எழுத்து, அம்புக்குறி எல்லாம் வேண்டாம். வேறு இடத்தில் அடித்து ஒட்டினால் வரிகள் குலைந்துபோக வாய்ப்பு உண்டு. சாதாரண எழுத்தில் சின்ன சின்ன வாக்கியமாக எழுதினால் போதும்.

* 'ஹவுஸ் சர்ஜன்', 'பி.எச்.சி.' என்பது நமக்கு புரியும். அங்கே இருப்பவருக்கு புரியாது. 'இன்டர்ன்', 'கிராமப்புற அரசு ஆரம்ப சுகாதார நிலையம்' என்று விளக்கமாக எழுத வேண்டும்.

* 'கடுமையாக உழைத்தேன்' என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. தீக்காய வார்டில் வேலை பார்த்தவர், 'பட்டாசு தொழில் நடக்கும் மாவட்டம். தீக்காயம் பட்டவர்களுக்கு தினமும் கட்டு மாற்றினேன், குளுக்கோஸ் அளவை கவனித்தேன், குடும்பத்தாரிடம் நிலைமையை எடுத்துச் சொன்னேன்' என்று எழுதினால் படிப்பவர் கண்முன் வார்டு தெரியும். நோயாளியின் பெயர் மட்டும் வரவே கூடாது.

இனிஷியல் சிக்கல்

நம்ம பிள்ளைகளுக்கு பெயருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக இருக்கும். சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்றால் அதற்கு ஆவணம் கேட்பார்கள். இதை கடைசி நேரத்தில் பார்த்தால் அலைச்சல்தான். படிக்கும்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

ரீல் விட்டால் சிக்கல்

செய்யாததை செய்ததாக எழுதுவது ஆபத்து. எழுதிய ஒவ்வொரு வரியையும் இன்டர்வியூவில் தோண்டி கேட்பார்கள். ஆராய்ச்சி கட்டுரை அனுப்பி மட்டும் இருந்தால் 'அனுப்பியது' என்றுதான் போட வேண்டும், 'வெளியானது' என்று போடக்கூடாது.

செப்டம்பரில் விண்ணப்பம் போகும். மார்ச்சில் முடிவு தெரியும். அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டால் அனுபவ பகுதியில் ஒரு எழுத்தைக்கூட திருத்த முடியாது. எனவே காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, டாக்டர் அல்லாத ஒருவரிடமும் படிக்கக் கொடுக்க வேண்டும். அவருக்கு புரியாத வரியை மாற்றி எழுதுவதே நல்லது.

விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பயிற்சி இடத்துக்கும் டாலரில் தனித்தனி கட்டணம். வீட்டில் நகையை அடகு வைத்துக்கூட கட்டும் காசு அது. ஒரு தேதி தப்பால் அது வீணாகிவிடக்கூடாது.