நேரத்துக்கு முன்னால் நிற்கும் சிறு சொற்கள்

சித்திரை மாதத்தில், பௌர்ணமியன்று, விடியும் வேளையில் அழகர் வைகையில் இறங்குகிறார். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் மாதத்துக்கு ‘இன்’, நாளுக்கு ‘ஆன்’, விடியலுக்கு ‘அட்’ என்று மூன்று முன்னிடைச்சொற்கள் வரும். ஆண்டு, மாதம் போன்ற நீண்ட காலத்துக்கு ‘இன்’. குறிப்பிட்ட நாளுக்கு ‘ஆன்’. கடிகாரம் காட்டும் நேரத்துக்கு ‘அட்’.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோரின் ஆலயப் பிரவேசம் நடந்தது ‘இன் 1939’. தேதியோடு சொன்னால் ‘ஆன் 8 ஜூலை 1939’. காலைக்கும் மாலைக்கும் ‘இன்’. வெள்ளிக்கிழமை காலை என்று கிழமை சேர்ந்தால் ‘ஆன்’. இரவுக்குப் பொதுவாக ‘அட்’.

அடுத்த ஜோடி ‘சின்ஸ்’, ‘ஃபார்’. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று நம் ஊரில் அடிக்கடி காதில் விழும், அது பிழை. இங்கே தமிழே துணைக்கு வரும். ‘நேற்றிலிருந்து காய்ச்சல்’ என்பது தொடக்கத்தைச் சொல்கிறது, அதற்கு ‘சின்ஸ்’. ‘மூன்று நாளாகக் காய்ச்சல்’ என்பது கால அளவைச் சொல்கிறது, அதற்கு ‘ஃபார்’. வைகை எக்ஸ்பிரஸ் ஓடுவது ‘சின்ஸ் 1977’.

‘பத்து மணி வரை படி’ என்றால் படிப்பு அதுவரை தொடர வேண்டும், அது ‘அன்டில்’. ‘பத்து மணிக்குள் முடி’ என்றால் அதற்கு முன் எப்போது முடித்தாலும் சரி, அது ‘பை’.

தமிழில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கும் இடத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஐந்து மணிக்குள்’, ‘ஐந்து நாளுக்குள்’ இரண்டிலும் நமக்கு ‘உள்’தான். ஆங்கிலத்தில் முன்னது ‘பை’, பின்னது ‘விதின்’. ‘விதின்’ வரவேண்டிய இடத்தில் ‘இன் ஃபைவ் டேஸ்’ என்று எழுதினால், ஐந்து நாளுக்குள் வருவேன் என்ற வாக்கு ஐந்து நாள் கழித்து வருவேன் என்றாகிவிடும்.

‘சரியான நேரத்தில்’ என்பதும் அப்படித்தான். அட்டவணைப்படி ரயில் மதுரை சந்திப்புக்கு வந்தால் ‘ஆன் டைம்’. அது புறப்படுமுன் நாம் போய்ச் சேர்ந்தால் ‘இன் டைம்’.

விதிகளின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். சொல்ல வந்தது ஒரு நேரமா, ஒரு நாளா, கால அளவா, கெடுவா என்று முதலில் தமிழில் தெளியுங்கள். பெரும்பாலும் சரியான ஆங்கிலச் சொல் தானாக வந்து பொருந்தும்.