மலை தெரியும் மனைக்கு எண் என்ன?

‘ரமணாசிரமம் அருகில்’, ‘மலை தெரியும்’, ‘கிரிவலப் பாதைக்கு நடந்தே போகலாம்’. திருவண்ணாமலையின் தெற்கிலும் மேற்கிலும் விலைக்கு வரும் மனைகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றியே எழுதப்படுகின்றன. வாங்க நினைப்பவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கணினி முன் உட்கார்ந்து தேடுகிறார். விலை இவ்வளவுக்குள், பரப்பு இவ்வளவு சென்ட், ஆசிரமத்துக்குப் பக்கம் என்று வடிகட்டுகிறார். கணினியும் சொன்னதைச் செய்கிறது. ஆனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலை தெரியாத மனைதான் அபூர்வம். அதைவிட முக்கியமாக, வருவாய்த் துறையின் கிராமப் பட்டியலில் ரமணாசிரமம் என்றொரு கிராமமே கிடையாது. நல்லவன்பாளையம் உண்டு, அத்தியந்தல் உண்டு, அடி அண்ணாமலை உண்டு. 1922இல் ரமணரின் தாயார் அழகம்மாளின் சமாதியை ஒட்டி வளரத் தொடங்கிய ஆசிரமத்தின் பெயர், நூறு ஆண்டுகளில் ஒரு வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது. நிலப் பதிவேட்டில் மட்டும் ஏறவில்லை. ஆக, தேடுபவர் கையில் இருப்பது ஊர்வாயில் புழங்கும் பெயர். அரசின் தரவுக் கிடங்கு கேட்பது கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும். இந்த இரண்டையும் இணைக்காத வரை எவ்வளவு நல்ல மென்பொருளை இறக்கி வைத்தாலும் அது விளம்பரங்களை அடுக்கித் தருமே தவிர, நிலத்தைத் தேடித் தராது என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம்.

வீடு, மனைத் தகவலை மென்பொருளால் தேடி எடுக்கும் வழக்கம் முதிர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தரகர்கள் சங்க அலுவலகத்தில் கூடித் தங்களிடம் விலைக்கு வந்த வீடுகளின் விவரத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ‘என் வீட்டை நீ விற்றுக் கொடுத்தால் கமிஷனில் உனக்குப் பங்கு’ என்பதுதான் ஒப்பந்தம். அந்தக் கூட்டமே பிற்பாடு அச்சுப் புத்தகமாகி, கணினிப் பட்டியலாகி, எம்எல்எஸ் என்ற பெயரில் நிற்கிறது. 1999இல் ‘ரெட்ஸ்’ என்றொரு பொது நெறி பிறந்தது. தரகரின் மேசைக் கணினியில் இருக்கும் மென்பொருள் பட்டியல் இருக்கும் சர்வருக்குள் நுழையும். உன்னிடம் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று முதலில் கேட்கும். பிறகு விலை, அறைகள், பகுதி என்று நிபந்தனை வைத்துத் தேவையானதைப் படங்களோடு இழுத்துத் தன் கிடங்கில் சேர்க்கும். 2018வாக்கில் அந்த நெறி ஓய்வுபெற்று, அதனிடத்தில் வலைவழி நெறி ஒன்று வந்துவிட்டது. நமக்கு வேண்டிய செய்தி வேறு. இந்தப் புதிய நெறியின் பொது அகராதியில் கேட்ட விலை, விற்ற விலை ஆகிய கட்டங்களோடு, அந்த நிலத்துண்டுக்கு உள்ளூர் அரசு கொடுத்த எண்ணுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. தரகரின் பட்டியலும் அரசின் பதிவேடும் கைகோக்கும் இடம் அந்தக் கட்டம். விளம்பர வாசகம் எப்படி மினுக்கினாலும் எண் ஒன்றே என்பதால், வரி விவரத்தையோ பழைய விற்பனையையோ அதைப் பிடித்தே தேடிவிடலாம்.

நம்மிடம் எம்எல்எஸ் இல்லை. ஆனால் ஒரு வகையில் அதைவிடத் தாராளமான ஒன்று இருக்கிறது. எம்எல்எஸ் உறுப்பினர் தரகர்களின் சொத்து. நம்முடைய பதிவுத் துறையின் 1ஆம் புத்தகமோ பொதுமக்களுக்கானது: 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, கட்டணம் கட்டி விண்ணப்பிக்கும் யாரும் அதையும் அதன் அட்டவணைகளையும் பார்க்கலாம் என்கிறது. அட்டவணைகளை எப்படி அமைப்பது என்பதை 55ஆம் பிரிவு சொல்கிறது: ஒன்று ஆட்களின் பெயரால், மற்றொன்று சொத்தின் விவரத்தால். இன்றைய மென்பொருள் எழுதுபவர் ‘இண்டெக்ஸ்’ என்று சொல்வதும் இதைத்தான். மையும் தாளுமாக இருந்தது என்பதுதான் வேறுபாடு. 2000ஆம் ஆண்டில் ‘ஸ்டார்’ திட்டத்தில் சார்பதிவாளர் அலுவலகங்கள் கணினிக்கு மாறத் தொடங்கின. 2018இல் அதன் இரண்டாம் வடிவம் இணையத்துக்கு வந்தது. 1975 முதலான வில்லங்க விவரத்தை இன்று வீட்டிலிருந்தே கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதில் ஆவண எண், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, நான்கெல்லை எல்லாம் வரிசையாக வரும். பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவை வருவாய்த் துறையின் தனித் தளத்தில். தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் வழிகாட்டி மதிப்பு இன்னொரு பக்கத்தில். இவ்வளவும் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. திறவுகோல் சர்வே எண்.

திறவுகோல் கைக்கு வந்தாலும் பூட்டு கொஞ்சம் முரடு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். மலைக்கு மேற்கே உள்ள ஊரைச் சிலர் அடி அண்ணாமலை என்பார்கள், சிலர் ஆதி அண்ணாமலை என்பார்கள். கேட்கும் காதுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு. உட்பிரிவின் கதை இன்னும் சிக்கல். 45/2 என்ற புல எண் (உதாரணத்துக்குத்தான்) பாகப்பிரிவினையில் 45/2ஏ, 45/2பி என்று பிரியும். அதில் ஒன்று மனைகளாகி 45/2ஏ1 என்று மேலும் பிரியும். கடைசி எண்ணை மட்டும் கொடுத்து வில்லங்கம் போட்டால், பிரிவதற்கு முன்பு தாய் எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமல் போகலாம். பத்திர எழுத்தர்களுக்கு இது பாலபாடம். தாய் எண்ணிலும் ஒரு வில்லங்கம் போடுங்கள் என்பார்கள். எந்த எண் எந்த எண்ணிலிருந்து பிரிந்தது என்ற அந்த அறிவைத்தான் மென்பொருளில் ஏற்ற வேண்டும். வீட்டின் முகப்புப் படத்தைச் சுழற்றிக் காட்டுவதில் செலவாகும் மூளையில் கொஞ்சம் இதற்குச் செலவானால் போதும்.

சரி, விளம்பரத்தில் எண்ணைப் போடாமல் இருப்பது ஏன்? மறதியால் இல்லை. எண் தெரிந்த மறு நிமிடமே பட்டாதாரர் பெயர் தெரிந்துவிடும். பார்ட்டி நேராக ஓனரிடம் போய்விடுவார். அலைந்து திரிந்து இடம் பிடித்த புரோக்கருக்குக் கமிஷன் போய்விடும். இது நியாயமான பயம். புரோக்கர் தொழிலை ஏளனம் செய்பவர்கள், வெயிலில் பத்துப் பேருக்கு மனை காட்டி ஒருவரிடம் மட்டும் கூலி வாங்கும் பிழைப்பு அது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் பயத்துக்கு மருந்து மறைப்பு அல்ல, ஒப்பந்தம். அமெரிக்கத் தரகர் முகவரியைப் பகிரங்கமாகப் போட முடிவதற்குக் காரணம், ஓனரிடம் முதலிலேயே எழுத்தில் ஒப்பந்தம் வாங்கி வைத்திருப்பதுதான். அந்த ஏற்பாட்டிலும் புழு இருந்தது: இரு தரப்புக் கமிஷனையும் பட்டியலுக்குள் கட்டிப்போட்டது பற்றிய வழக்குகளில் அங்குள்ள தேசியத் தரகர் சங்கம் 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. அவர்கள் செய்த தவறு கமிஷனைப் பட்டியலில் கட்டியது. நிலத்தின் எண்ணைப் பட்டியலில் போட்டது அல்ல. நம் ஊரிலேயே முன்மாதிரியும் இருக்கிறது. மனை வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, பதிவான திட்டத்தின் எந்த விளம்பரத்திலும் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தால் புரோக்கர் தொழில் படுத்துவிடவில்லை. ஆனால் 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ பன்னிரண்டரை சென்ட்டுக்கு, மேற்படாத நிலத்தில் போடும் மனைப்பிரிவு அந்தச் சட்டத்துக்குள் வராது. ஒருவர் தன் ஒற்றை மனையை மறுவிற்பனை செய்வதும் வராது. ஆசிரமத்தைச் சுற்றிக் கைமாறும் சில்லறை மனைகள் இந்த ஓட்டை வழியாகவே நழுவுகின்றன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பத்திரத்தில் எழுதும் தொகையே பொய். அதைத் தேடி எடுத்து என்ன பயன்? பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரம் எழுதப்படுகிறது, மிச்சம் கையில் கொடுக்கப்படுகிறது என்பது ஊரறிந்த கதை. போதாததற்கு அந்த மதிப்பே அரசாணைக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. 2017 ஜூனில் தமிழகம் முழுக்க 33 விழுக்காடு குறைத்தார்கள்; பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு விழுக்காடாக்கினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்குத் திரும்பி, கட்டணத்தை இரண்டாகக் குறைத்தார்கள். இந்த வரலாறு தெரியாமல் கைமாற்றுத் தொகைகளை மட்டும் வரைபடமாகப் போடுபவருக்கு, 2017இல் அருணாசலத்தின் அடிவாரமே விலை சரிந்ததுபோலத் தோன்றும். எனவே விலை விஷயத்தில் மறுப்பு பாதி உண்மை. ஆனால் வில்லங்கச் சான்றில் விலை ஒரு கட்டம்தான். ஒரே மனை ஒரு வருடத்தில் மூன்று முறை கைமாறியிருக்கிறதா, விற்பவர் ஓனரா பவர் வாங்கியவரா, பாகப்பிரிவினையில் யார் யார் கையெழுத்திட்டார்கள், வங்கி அடமானம் தீர்ந்து ரசீது பதிவானதா என்று கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் பதில் தேதியோடு கிடைக்கும். விலையைக் குறைத்து எழுதுவதுபோல ஆவண எண்ணையும் பதிவு நாளையும் குறைத்து எழுத முடியாது. பதிவாகாத ஒப்பந்தமும் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் அதில் வராமல் போகலாம் என்பது உண்மைதான். அதற்காக, வருவதையும் பார்க்காமல் விடுவதா?

விற்பனை விவரங்களை இப்படித் திறந்துவிட்டால் அந்தரங்கம் போய்விடும் என்பவர்களுக்குச் சிங்கப்பூரைக் காட்டலாம். அங்கே வீடு வாங்கிய தமிழர்களுக்கு இது பழக்கமான சங்கதி. அரசு அடுக்கு வீடுகளின் மறுவிற்பனை விலைகள் 1990 முதல் மொத்தமாக இறக்கிக்கொள்ளத் திறந்திருக்கின்றன. மாதம், வட்டாரம், பிளாக் எண், தெரு, பரப்பு, விலை எல்லாம் உண்டு. வாங்கியவர் விற்றவர் பெயர் இல்லை. வீட்டு எண் இல்லை. மாடியைக்கூட 10 முதல் 12 வரை என்று மூன்று மூன்றாகச் சேர்த்தே சொல்வார்கள். இங்கிலாந்து, வேல்ஸின் நிலப் பதிவகம் 1995 முதலான விற்பனை விலைகளை முகவரியோடு வெளியிடுகிறது. அதிலும் ஆள் பெயர் கிடையாது. நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்: ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்து, நெளிந்த எழுத்துகளைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு முறையும் ஆட்களின் பெயர் முழுக்கப் பார்க்கலாம், பெயரில்லாத விலைப் பட்டியலை மொத்தமாக எடுக்க வழியில்லை.

திருவண்ணாமலையில் இந்த எண்ணுக்கு விலையைத் தாண்டிய கனமும் உண்டு. மலை காப்புக்காடு. சுற்றுப்புறத்தில் கோயில் நிலங்களும் மடங்களின் நிலங்களும் நீர்நிலைப் புறம்போக்குகளும் இருக்கின்றன. அறநிலையத் துறை 2021இல் கோயில் நில விவரங்களைச் சர்வே எண்ணோடு இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. விளம்பரத்தில் எண் இருந்தால் ஒரு சாதாரண மென்பொருள் அந்தப் பட்டியலோடு ஒரு நொடியில் ஒப்பிட்டுவிடும். ‘ஆசிரமத்துக்குப் பின்புறம்’ என்ற சொல்லை எதோடு ஒப்பிடுவது? 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். சரிவு எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்பதைப் புலப்படத்தின் மேல் போட்டுப் பார்க்க, முதலில் அது எந்தப் புலம் என்று தெரிய வேண்டும். மலை தெரியும் என்பது மட்டும் விளம்பரத்தில் இருக்கிறது.

இணையத் தளங்கள் சர்வே எண்ணைக் கட்டாயக் கட்டமாக வாங்கிக்கொண்டு, பொதுப் பார்வைக்கு மறைத்து, கிராமமும் பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் தாங்களே சோதித்துச் சொல்லலாம் என்று ஒரு நடுவழி பேசப்படலாம். புரோக்கருக்கும் நஷ்டமில்லை. ஆரம்பமாக அது மோசமில்லை. ஆனால் சோதித்தவர் சொன்னதை நம்பு என்று வாங்குபவரிடம் சொல்வதும், விளம்பரத்தை நம்பு என்று சொல்வதும் அவ்வளவு தூரம் விலகியவை அல்ல. மனை பார்க்க வரும் நாளிலாவது எண்ணைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இதற்கிடையில் எண்ணே மாறப்போகிறது. 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியானது. அக்கம்பக்கத்து ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. நகர எல்லைக்குள் வரும் நிலத்துக்கு நகர நில அளவை நடந்தால் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று புதிய அடையாளம் வரும். பீரோவில் இருக்கும் பத்திரத்தில் பழைய எண்ணே இருக்கும். இரண்டையும் பொருத்தும் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்த வடிவில் இருக்கிறது, அதைக் கணினி படிக்குமா என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.