கணினிக்கும் மராமத்து வேண்டும்

ஆந்திரத்துக் குப்பத்திலும் கன்னட நாட்டுக் கோலாரிலும் வாழும் தமிழன்பர்கள் பலர் இன்று வீட்டிலும் கடையிலும் கணினி வைத்திருக்கின்றனர். கூரைக்கு ஆண்டுதோறும் மராமத்துப் பார்க்கும் நாம், கணினிக்கு அதனை மறந்துவிடுகிறோம். இதில் உள்ள அபாயம் சிறிதன்று. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் 'வானாக்ரை' என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவிற்று. குப்பம் அடங்கிய சித்தூர் மாவட்டத்தின் காவல்துறைக் கணினிகளும் அதற்குத் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஆயினும் எத்தனையோ கணினிகளில் அது ஏறவில்லை.

ஆகவே, திருத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் கருவியின் குணத்தை அறிவது நலம். கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்', டெபியன் என்னும் லினக்ஸ் வகையைத் தழுவியது. இதில் மென்பொருள்கள் யாவும் பொதிகளாகக் கட்டப்பட்டு, பொதுவான பண்டகசாலையிலிருந்து வருகின்றன. ஒரே கருவி அனைத்தையும் புதுப்பித்துவிடும்.

டெபியனில் 'ஆப்ட்-கெட்' பழையது; 'ஆப்ட்' அதன் இளவல். இரண்டிலும் 'அப்டேட்' என்னும் ஆணை பண்டகசாலையின் பட்டியலை மட்டுமே கொணரும்; சரக்கைக் கொணர்வது 'அப்கிரேட்'. முன்னதோடு நின்று, வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர்! 'ஆப்ட்-கெட்'டின் 'அப்கிரேட்' புதுப் பொதி எதையும் சேர்க்காது, இருப்பதை நீக்கவும் செய்யாது. நற்குணம் போலத்தான் தோன்றும். ஆனால் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குரிய திருத்தம் பல வேளைகளில் புதுப் பெயருடைய பொதியாகவே வருவதால், அது வாசலிலேயே நின்றுவிடும். 'ஆப்ட்' அத்தகைய பொதியை உள்ளே விடும், எதையும் நீக்காது. வீட்டுக் கணினிக்கு இதுவே உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

பெடோரா என்னும் மற்றொரு வகையில் 'டி.என்.எஃப்' என்ற கருவி உண்டு. பட்டியல் பழையதானால் அது தானே புதுப்பித்துக்கொள்ளும். செய்தவற்றுக்கெல்லாம் கணக்கும் எழுதிவைக்கும்.

பொறுப்பாக ஆணையிட ஆளில்லாத கணினிக்கு 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' ஏற்றது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே ஏற்றிவிடும். ஆயினும் புதிய உட்கரு, கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்கிய பின்னரே செயற்படும். அவ்வேலையை அக்கருவி வழக்கமாக நம்மிடமே விட்டுவிடுகிறது. மாதக்கணக்கில் அணைக்காமல் கணினியை ஓட்டும் கடைக்காரர்கள், வார விடுமுறைக்குக் கதவடைக்கும்போது அதனையும் அணைத்துவிட்டுச் செல்வார்களாக.